ஐந்து பேர் வீடு, ஏழு நாற்பதுக்கு வேன்: நான்கு வாரச் செய்முறைப் பதிவு

எடுத்துக்கொண்ட வீடு சென்னையில் பல குடும்பங்களுக்குப் பழகிய அமைப்பு. இரண்டு படுக்கையறை, ஒரே குளியலறை, இரண்டு பர்னர் அடுப்பு. வேலைக்குப் போகும் அப்பா, அம்மா. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை, நான்காம் வகுப்பில் ஒன்று. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடும் பாட்டி. பள்ளி வேன் 7.40-க்கு வாசலில் நிற்கும். அதற்குள் இட்லி, சட்னி, நான்கு பேருக்கு மதியச் சாப்பாடு, நான்கு பேர் குளியல் எல்லாம் முடியவேண்டும். பாட்டிக்கு அவசரமில்லை, அவர் எட்டரைக்குப் பிறகு குளித்துக்கொள்ளலாம்.

செலவு பெரிதில்லை. சுவரில் மாட்ட ஆறு கொக்கிகள், மூடியில்லாத இரண்டு கூடைகள், ஏழு நாள் மாத்திரைப் பெட்டி ஒன்று, கட்டம் பெரிதாக உள்ள மாதக் காலண்டர் ஒன்று. இவற்றையும் முதல் நாளே வாங்க வேண்டாம். என்னென்ன எங்கே தங்கப்போகிறது என்று தெரிவதற்கு முன் வாங்கிய டப்பா எப்போதும் அளவு தவறித்தான் இருக்கும். பிறகு அந்த டப்பாவுக்கே இடம் தேட வேண்டியிருக்கும்.

முதல் வாரம்: எழுதுவது மட்டும்

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, நூல் கட்டிய பேனாவைப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். மூன்று பத்தி போதும்: மணி, எது தடைபட்டது, எத்தனை நிமிடம் போயிற்று. ஏழு நாளும் எதையும் சரிசெய்யக் கூடாது. இது கஷ்டமாக இருக்கும், கை துறுதுறுக்கும். ஆனால் இரண்டாம் நாளே அலமாரியைக் கவிழ்த்து அடுக்க ஆரம்பித்தால், உண்மையில் எங்கே நேரம் கசிகிறது என்பது கடைசிவரை தெரியாது.

இப்படி எழுதும் வீடுகளில் திரும்பத் திரும்ப வருபவை இவைதான்: வண்டிச் சாவி, ஒற்றைக் காலுறை, தண்ணீர் பாட்டில் மூடி, டைரியில் கையெழுத்து, தேங்காய் துருவவில்லை, காய் நறுக்கவில்லை, குளியலறை காலியில்லை. "சமைக்க நேரமில்லை" என்ற வரி பெரும்பாலும் வருவதில்லை. இந்தப் பதிவு முழுவதும் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கிறது. எனவே கணக்கை விரித்துப் பார்க்கலாம்.

அடுப்புக் கணக்கு

பால் காய்ச்ச 8 நிமிடம். சாதமும் பருப்பும் அடுக்கிய குக்கர் 20. இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்க 5, வேக 12, ஆக 17. பொரியல் 12. சாம்பார் 15. சட்னிக்குத் தாளிப்பு 3. கூட்டினால் 75 பர்னர் நிமிடங்கள். இரண்டு பர்னரில் பங்கிட்டால் 38 நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. நடைமுறையில் ஏன் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது? அடுப்பு எரியாமல் காத்திருப்பதால். பீன்ஸ் நறுக்கும்வரை ஒரு பர்னர் சும்மா நிற்கிறது, புளி ஊறும்வரை இன்னொன்று. மூன்றாவது பர்னர் வாங்குவதால் இது தீராது. காத்திருக்கும் வேலையை முந்தைய இரவுக்குத் தள்ளினால் தீரும்.

காத்திருப்பு நீங்கினால் வரிசை இப்படி அமையும். 6.00-க்கு இடது பர்னரில் பால், வலதில் குக்கர். 6.08-க்குப் பால் இறங்க, அங்கே இட்லிப் பானை ஏறும். 6.20-க்குக் குக்கர் இறங்கும். அதன் ஆவி தானாக அடங்க இன்னும் 15 நிமிடம் வேண்டும், விசிலைத் தூக்கிவிட்டு அவசரப்படுத்தினால் பருப்புத் தண்ணீர் பொங்கி மேடையெல்லாம் வழியும். குக்கர் இறங்கிய பர்னரில் பொரியல், 6.32 வரை. 6.25-க்கு இட்லி இறங்கியதும் அந்த இடத்தில் சாம்பாருக்குப் புளித்தண்ணீரும் காயும் கொதிக்கத் தொடங்கும். பத்து நிமிடத்தில் காய் வெந்திருக்கும்போது குக்கரும் திறக்கத் தயாராக இருக்கும், பருப்பு நேரே சாம்பாருக்குப் போகும். 6.40-க்கு அடுப்பு அணைகிறது. நான்கு தட்டு, தட்டுக்கு நான்கு குழி உள்ள பானையில் ஒரே ஈட்டில் 16 இட்லி. குறைந்தால் பாட்டிக்குப் பிற்பாடு சூடாக இன்னொரு ஈடு ஊற்றிக்கொள்ளலாம்.

டிபன் பாக்ஸில் சாதம் போட்டவுடன் மூடக் கூடாது. ஆவி மூடியில் நீராகி மீண்டும் சாதத்தில் சொட்டி, மதியத்துக்குள் நசநசத்துப் போகும். 6.45-க்குப் போட்டு, மூடாமல் 7.10 வரை மேடையில் விட்டு, பிறகு மூட வேண்டும். இந்த 25 நிமிடம் கிடைப்பதற்காகவே சமையல் 6.40-க்கு முடியவேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

இரவு இருபது நிமிடம்

இதற்கு மணி வைத்தால் நடக்காது. ஒருநாள் சாப்பாடு எட்டரைக்கு முடியும், ஒருநாள் ஒன்பதரைக்கு. ரசப் பாத்திரம் தொட்டிக்குப் போனதும் என்று ஒரு நிகழ்ச்சியோடு முடிச்சுப் போட்டால் நிற்கும். வீட்டில் எப்படியும் தினமும் நடக்கிற ஒன்றின் வாலில் புது வேலையைக் கட்டுவதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே உறுதியான வழி. பால் பாக்கெட்டை உள்ளே எடுக்கும் கை ஹீட்டரையும் போடும். குக்கர் முதல் விசில் அடித்தால் சின்னவரை எழுப்ப வேண்டும். இப்படித்தான் மற்றவையும்.

இரவில் செய்யவேண்டியவை: காய் நறுக்குதல், தேங்காய் துருவுதல், அரிசியை அளந்து வைத்தல், டைரிக் கையெழுத்து, பைகளை வாசல் கொக்கிக்கு அனுப்புதல், டிபன் பாக்ஸ்களைத் திறந்தபடி கவிழ்த்து உலரவிடுதல்.

காய் விஷயத்தில்தான் பலர் ஒரே வாரத்தில் சலித்துக் கைவிடுகிறார்கள், ஏனென்றால் எல்லாக் காயையும் இரவே நறுக்கிவிடுகிறார்கள். பீன்ஸ், கேரட், கோஸ், அவரை, கொத்தவரை ஆகியவை நறுக்கி, மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் இருந்தால் காலையில் அப்படியே இருக்கும். கத்தரிக்காய், வாழைக்காய், வாழைப்பூ கறுத்துவிடும். உருளைக்கிழங்கு தண்ணீரில் மூழ்கி இருக்கவேண்டும். வாழைத்தண்டை மோர் கலந்த தண்ணீரில் போட்டால் தாங்கும். வெண்டைக்காயை நறுக்கி வைத்தால் கொழகொழப்பு ஏறும், கழுவித் துடைத்து முழுசாக வைத்துக் காலையில் நறுக்குவதே நல்லது. கீரையை ஆய்ந்து, கழுவாமல், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கழுவிவிட்டு வைத்த கீரை விடிவதற்குள் அழுக ஆரம்பிக்கும். ஆகவே வார நாட்களுக்குக் காய் வாங்கும்போதே பாதிக்கு மேல் முதல் வகைக் காய்களாகப் பார்த்து வாங்கி, கத்தரியையும் வாழைப்பூவையும் சனி ஞாயிறுக்கு ஒதுக்குங்கள்.

தேங்காயைத் தினமும் துருவ வேண்டியதில்லை. ஞாயிறன்று இரண்டு மூடியைத் துருவி, ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகச் சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃப்ரீசரில் வைக்கலாம். மொத்தமாக ஒரே டப்பாவில் வைத்தால் கல்லாகிவிடும், காலையில் கத்தியால் குத்திக்கொண்டிருக்க வேண்டும். இரவில் ஒரு டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு மாற்றுவதோடு வேலை முடிந்தது. புளிக்கும் இதே வழி: கால் கிலோ புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டி, உப்புப் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, ஆறியபின் கண்ணாடிப் பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்குச் சாம்பார், ரசம் கவலையில்லை. ஈரமில்லாத கரண்டி மட்டும் உள்ளே போகவேண்டும்.

அரிசியை அரைக் கிலோ அளந்து உலர்ந்த பாத்திரத்தில் மூடி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரவே களைந்து ஊறவிட்டால் சென்னை வெக்கையில் புளிப்பு வாடை வந்துவிடும்.

மாவுச் சுழற்சி

இட்லி மாவு இந்த வீட்டின் முதுகெலும்பு. மாவு இருந்தால் காலையும் இருக்கும், இரவும் இருக்கும். நான்கு டம்ளர் இட்லி அரிசி, ஒரு டம்ளர் முழு வெள்ளை உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். 200 மில்லி டம்ளர் என்றால் இதில் ஏறத்தாழ 45 இட்லிக்கு மாவு வரும். வாரத்துக்கு இரண்டு முறை, ஞாயிறும் புதனும். முதல் இரண்டு நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை, மிச்சம் புளித்தால் ஊத்தப்பம் அல்லது குழிப்பணியாரம்.

ஞாயிறு எளிது. மதியம் ஒரு மணிக்கு ஊறப்போட்டால் ஆறு மணிக்கு அரைக்கலாம். உளுந்தை முதலில், ஃப்ரிட்ஜ் தண்ணீரைச் சிறுகச் சிறுகத் தெளித்து அரை மணி நேரம். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்கவேண்டும். அரிசி 20 முதல் 25 நிமிடம், மெல்லிய ரவைப் பதம். கையால் கலந்து ஏழரைக்கு மூடி வைத்தால் விடியற்காலை ஐந்தரைக்குள் பத்து மணி நேரம்.

இந்தப் பத்து மணி நேரம் மார்கழிக்குச் சரி, சித்திரைக்குச் சரியில்லை. கோடையில் ஆறு ஏழு மணி நேரத்திலேயே பொங்கி வழியும். அதனால் ஏப்ரல், மே மாதங்களில் அரைப்பதை எட்டரைக்குத் தள்ளி, பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாமல் விடவேண்டும். உப்பை அரைக்கும்போதே சேர்த்தால் புளிப்பு சற்று நிதானப்படும். குளிர் நாட்களில் உப்பைக் காலையில் சேர்த்துக்கொள்ளலாம், பாத்திரத்தை அணைத்த அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கலாம்.

புதன்கிழமைதான் சிக்கல். காலையில் கிளம்புமுன் ஊறப்போட்டால் திரும்பி வருவதற்குள் பதினோரு மணி நேரமாகி, தண்ணீர் நுரைத்து நாறும், உளுந்தும் பொங்கும் திறனை இழக்கும். வழி இரண்டு. ஊறப்போட்டதை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டுப் போகலாம். அல்லது மதியச் சாப்பாட்டுக்குப் பின் பாட்டி ஊறப்போடலாம். ஊறப்போடுவதோடு பாட்டியின் பங்கு முடியவேண்டும். கிரைண்டர் குழவியைத் தூக்கி வைப்பதும் பாத்திரத்தைக் கழுவுவதும் இடுப்புக்கு ஆகாத வேலை, அது பெரிய பிள்ளையின் பெயரிலோ அப்பாவின் பெயரிலோ இருக்கட்டும்.

புளித்த மாவை மொத்தமாகக் கலக்காதீர்கள். மேலோடு மேலாக அன்றைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மீதியை இரண்டு டப்பாவாகப் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒன்றைத் திறந்து மூடும்போது மற்றது கெடாது.

குளியலறை வரிசை

15 லிட்டர், 2 கிலோவாட் ஹீட்டர் 25 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 18 நிமிடம் போல ஆகும். அதைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் 40 டிகிரியில் சுமார் 35 லிட்டர், அதாவது இரண்டு வாளி. ஆகவே ஒரு சூட்டில் இரண்டு பேர்தான் குளிக்க முடியும். மூன்றாமவர் உடனே நுழைந்தால் வெதுவெதுப்புக்கூட இருக்காது, "ஹீட்டர் ரிப்பேர்" என்று புகார் வரும். ஹீட்டரில் கோளாறில்லை, வரிசையில்தான் கோளாறு. 5.50-க்கு ஹீட்டர், 6.10-லிருந்து பிள்ளைகள் இருவரும் அடுத்தடுத்து, 6.35-க்குப் பச்சைத் தண்ணீரில் குளிப்பவர் யாரோ அவர், அதற்குள் மறுபடி சூடேறிவிடும், 6.55-க்கு அடுத்தவர். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே பல் தேய்ப்பது குளியலறைக்கு வெளியே, பாத்திரம் தேய்க்கும் இடத்திலோ பால்கனிக் குழாயிலோ நடந்தால் ஐந்து நிமிடம் மிச்சம்.

இரண்டாம் வாரம்: பொருளுக்கு இடம்

முதல் வாரத் தாளில் இரண்டு முறைக்கு மேல் எழுதப்பட்ட பொருளுக்கு மட்டும் இடம் ஒதுக்குங்கள். வீடு முழுவதையும் அடுக்க வேண்டாம். சாவிக்கு வாசல் கொக்கி, பள்ளிப் பைக்கு அதற்குக் கீழே ஒன்று. நான்காம் வகுப்புப் பிள்ளையின் கொக்கி தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். பெரியவர்கள் உயரத்தில் அடித்துவிட்டு, பை தரையில் கிடக்கிறது என்று திட்டுவதில் நியாயமில்லை.

காலுறைக்கு மூடியில்லாத கூடை. மூடி இருந்தால் ஒரு கை போதாது, ஒரு கை போதாவிட்டால் பொருள் மூடியின் மேல் கிடக்கும். ஒரே பள்ளி என்பதால் இருவர் காலுறையும் ஒரே நிறம், அளவு மட்டும் வேறு. சின்னவருடைய எல்லாவற்றிலும் விளிம்பில் சிவப்பு நூலில் இரண்டு தையல் போட்டால் இருட்டிலும் பிரிக்கலாம். பாட்டில்களும் மூடிகளும் கழுவியபின் ஒரே தட்டில் கவிழவேண்டும். மூடிகள் கரண்டிக் கூடைக்குள் போனால் தேடல் மறுபடி ஆரம்பிக்கும்.

மூன்றாம் வாரம்: யார் பெயரில் எது

இரவு வேலைகளை இந்த வாரம்தான் ஆரம்பிக்க வேண்டும், அதுவும் பெயரோடு. "அம்மாவுக்கு உதவி" என்று எழுதிய பட்டியல் பத்து நாள் தாண்டாது. உதவி என்றால் நினைவு வைத்துக்கொள்வதும் சொல்லிச் சொல்லிச் செய்யவைப்பதும் அம்மாவின் தலையிலேயே இருக்கிறது. காய் அப்பா பெயரில் என்றால் வாங்குவது, என்ன காய் என்று தீர்மானிப்பது, ஆய்வது, நறுக்குவது, தோலைக் குப்பைக்கு அனுப்புவது எல்லாமே அவருடையது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஞாயிறு மாலை யூனிஃபார்ம் இஸ்திரியும் தினமும் ஹீட்டரும். நான்காம் வகுப்பு பாட்டில் நிரப்புவதும் காலுறைக் கூடையும். பாட்டிக்கு எது விருப்பமோ அதைக் கேட்டு எழுதுங்கள். தேங்காய் துருவுவதும் கீரை ஆய்வதும் உட்கார்ந்து செய்ய முடிந்தவை.

சுவரில் ஒட்டும் தாளில் ஏழு வரிக்கு மேல் போகக் கூடாது. ஒருவர் மறந்தால் வேறொருவர் சத்தமில்லாமல் செய்துவிடுவது அன்பாகத் தோன்றும், ஆனால் மூன்று முறை அப்படி நடந்தால் அந்த வேலை நிரந்தரமாகக் கைமாறிவிட்டது என்று அர்த்தம். பாட்டில் நிரம்பாத அன்றைக்கு அந்தப் பிள்ளையே வேன் வருமுன் நிரப்பட்டும்.

வீட்டு வேலைக்கு வருபவர் இருந்தால் இரவுப் பாத்திரங்களில் மிச்சத்தை வழித்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைப்பது வீட்டாரின் கடமை. அவருடைய விடுமுறை நாட்களும் காலண்டரில் முன்கூட்டியே இருக்கட்டும், அன்றைக்குக் கலந்த சாதம் என்று தீர்மானித்துவிடலாம்.

நான்காம் வாரம்: காலண்டர்

மாத்திரைப் பெட்டியை ஞாயிறன்று நிரப்புங்கள், பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து பெயர் படித்துச் சரிபார்க்க. அட்டையிலிருந்து வெட்டும்போது காலாவதித் தேதி உள்ள முனையைக் கடைசியாக விடவேண்டும். கடைசி அட்டையைத் தொடும் நாளே வாங்கும் நாள். இன்சுலின் உள்ள வீட்டில் அது 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரீசருக்குப் பக்கத்தில் போகாமல் இருக்கவேண்டும். உறைந்ததைப் பயன்படுத்தக் கூடாது.

கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியை அன்றைக்கே கட்டத்தில் எழுதுங்கள். மூன்று முறை எழுதினால் அந்த வீட்டுக்கு எத்தனை நாள் என்பது தெரிந்துவிடும். சிலிண்டர் வரும்போது எடை போடச் சொல்லி, கழுத்தில் பொறித்த வெற்றெடையோடு 14.2 கிலோ கூட்டிப் பார்க்கலாம். ரப்பர் குழாய்க்கு ஐந்தாண்டு ஆயுள், மாற்றிய தேதியை அடுப்பு மேடைக்குக் கீழே பெயின்டில் எழுதுவது நல்ல பழக்கம். மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கணக்கெடுத்த தேதியையும் குறித்து வையுங்கள்.

யூனிஃபார்ம் ஆளுக்கு மூன்று செட் இருந்தால் வாரத்தில் இரண்டு சலவை போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மெஷினை நிறைத்துப் போடாமல் பாதி போட்டு, கூடுதலாக ஒருமுறை பிழியவிட்டு, மின்விசிறிக்கடியில் விரித்துக் காயவிடுங்கள்.

ஞாயிறு வேலைகளில் தவறவே கூடாதது ஒன்று உண்டு: ஃப்ரிட்ஜ் பின்பக்கத் தட்டு, பூந்தொட்டித் தட்டு, மூடாத வாளி ஆகியவற்றின் தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கவிழ்ப்பது. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் எடுக்கும். வாரம் ஒருமுறை என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. பத்து நாளுக்கு ஒருமுறை என்று தளர்த்தினால் செய்த வேலைக்குப் பயனில்லை. தேய்ப்பதும் முக்கியம், முட்டைகள் பாத்திரச் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் பிழைத்திருக்கும்.

யாருக்காவது காய்ச்சல், விருந்தாளி, தேர்வு வாரம் என்றால் முழுப் பட்டியலையும் ஓட்ட முயலாதீர்கள். தாளின் பின்பக்கம் மூன்றே வரிச் சுருக்கப் பட்டியல் முன்கூட்டியே இருக்கட்டும்: மாத்திரைப் பெட்டி, பைகள் கொக்கியில், மாவு அல்லது அளந்த அரிசி. தாளைத் திருப்பி ஒட்டிவிட்டால் இன்று சுருக்கம் என்பது எல்லாருக்கும் புரியும். மீண்டும் முன்பக்கம் திருப்பும் நாளையும் காலண்டரில் குறித்துவிடுங்கள், இல்லையென்றால் சுருக்கமே பழக்கமாகிவிடும்.

மாதக் கடைசியில் புதுத் தாள் திறக்கும்போது சிலிண்டர், மின்கணக்கு, மாத்திரை வாங்கும் நாள், தண்ணீர் வடிகட்டி சர்வீஸ் ஆகிய நான்கையும் பழைய தாளிலிருந்து பார்த்து எழுதிய பிறகே பழையதை மடியுங்கள்.